மோட்டார் இருந்த ஒருசந்தி

ஓட்டையைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். அவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் பிறந்த வீடு அப்படி. தூத்துக்குடிக் கடற்கரையில் தோணிகளுக்குக் கலப்பத்துப் போடும் குடும்பம் எங்களுடையது. பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசி, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வராமல் அடைப்பதுதான் கலப்பத்து. என் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிறவரின் சட்டையில் ஒரு கிழிசல் இருந்தால் போதும். பேச்சு பாட்டுக்கு நடக்கும், விரல் பாட்டுக்கு அந்தக் கிழிசலைத் தேடிப் போய்விடும். (இதனால் துட்டி கேட்கப் போன சாவு வீடுகளில்கூடச் சங்கடம் வந்ததுண்டு.)

என்னை மட்டும் படிக்க வைத்து ஓர் உப்பு வியாபாரியின் ஆபீசில் குமாஸ்தாவாக்கினார்கள். கைக்குப் பேனா வந்ததே தவிர, ரத்தத்தில் இருந்த பஞ்சும் குங்கிலியமும் போகவில்லை. போதாததற்கு இன்னொரு வியாதியும் எனக்கு உண்டு. கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பேன். உப்பளத்துக்கு அனுப்பினால், வெயிலில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் குவியல்களைப் பார்த்தபடி நின்றுவிடுவேன். முதலாளி ஆள்விட்டுத் தேடுவார். இந்த இரண்டு வியாதிகளும் ஒன்றுசேர்ந்து என்னைப் பிடித்த நாள் என் கல்யாண நாள்.

உலகச் சண்டை முடிந்து, பட்டாளத்துச் சாமான்கள் ஏலத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. எனக்கும் புன்னைக்காயல் சிசிலிக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவளை நான் ஒரே ஒரு தடவைதான் சரியாகப் பார்த்திருந்தேன். கோயில் திருநாளில் சப்பரம் போகும்போது, வாயை லேஞ்சியால் (கைக்குட்டைக்கு எங்கள் பெயர்) பொத்திக்கொண்டு சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று தெரியாது. (என்னைப் பார்த்துத்தான் என்று பிறகு அவளே சொன்னாள். என் சப்பாத்து இரண்டும் கால் மாறியிருந்ததாம்.) அந்த ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு நான் மாதக்கணக்கில் மனதுக்குள் குடும்பம் நடத்தினேன்.

விபூதிப் புதன் வந்துவிட்டால் தபசு காலம், அதாவது நாற்பது நாள் நோன்பு, தொடங்கிவிடும். பிறகு பாஸ்கா எனும் ஈஸ்டர் திருநாள் முடியும்வரை எங்கள் வேதக்கோயில்களில் கல்யாணம் கிடையாது. அதுவரை காத்திருக்காமல் சிசிலியைக் கொழும்புக்குக் கூட்டிப்போய்விட வேண்டும் என்று, அங்கே கடை வைத்திருந்த அவளுடைய சித்தப்பா ஒற்றைக் காலில் நின்றார். அங்கே அவர் கைவசம் வேறொரு மாப்பிள்ளையும் இருந்தான். "புதனுக்கு முந்தின நாளு காலையில பூசை. அன்னைக்கு நடந்தா நடக்கட்டும். இல்லைன்னா என் தம்பி சொல்லுதபடிதான்" என்று சிசிலியின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். புன்னைக்காயல் சாமியாரோ கறாரில் அவருக்கும் மேலே. உச்சி மணி அடித்துவிட்டால் அதற்குப்பிறகு பூசை தொடங்கவே மாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பூசையில் நன்மை, அதாவது மந்திரித்த அப்பம், வாங்குவதானால் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. மாப்பிள்ளை, பெண், பூசை வைக்கும் சாமியார் எல்லோருக்கும் இதே சட்டம்தான்.

என் அக்கா மிக்கேலம்மாளின் புருஷன் கஸ்பார் அத்தான் துறைமுகத்தில் வேலை பார்த்தார். அவர் பட்டாளத்து ஏலத்தில் ஒரு மோட்டார் எடுத்திருந்தார். வள்ளத்தின் பின்பக்கத்தில் திருகி மாட்டுகிற மோட்டார். மேலே உருண்டைத் தலை, கீழே தண்ணீருக்குள் இறங்கும் நீளமான கால், கால் நுனியில் விசிறி. தலையில் கயிற்றைச் சுற்றி இழுத்தால் கடற்கரையே திரும்பிப் பார்க்கும். அத்தான் அதை அக்காவின் பழைய பட்டுச்சேலைத் துண்டால்தான் துடைப்பார். அக்கா அந்த மோட்டாருக்கு வைத்திருந்த பெயர் 'எளையவ'. "எளையவளக் குளிப்பாட்டியாச்சா? அப்பம் சாப்பிட வாங்க" என்பாள்.

அந்த மோட்டாரில் என்னைப் புன்னைக்காயலுக்குக் கொண்டுபோய் இறக்குவதாக அத்தான் வாக்குக் கொடுத்தார். மற்ற சொந்தக்காரர்கள் எல்லோரும் முதல் நாளே வண்டி கட்டிப் போய்விட்டார்கள். கூறைச்சேலை கசங்கிவிடும் என்று அக்கா மட்டும் எங்களோடு வள்ளத்தில் வருவதாக நின்றுகொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோகும் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் கோயிலுக்கு வரவேண்டும். வெங்காயத் தோல் நிறத்தில் நல்ல பட்டு. பெண்ணின் கை படுமுன் அதன் மடிப்பைக் கலைக்கக்கூடாது என்பது அக்காவின் சட்டம்.

என் பங்குக்கு நானும் ஒரு சட்டம் போட்டேன்.

"பாயும் பாய்மரமும் வேண்டாம் அத்தான். மோட்டார் வள்ளத்துல பாய்மரம் நின்னா, கோட்டுக்கு மேல கோமணம் கட்டுன மாதிரில்லா இருக்கும்!"

அத்தானுக்கும் அது சரியாகப் பட்டது. பாய்மரத்தை இறக்கினோம். அழகு கெடுகிறது என்று ஒரு தண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றத் துடுப்புகளையும் இறக்கிவைத்தேன்.

வள்ளம் கரையில் ஏற்றிக் கிடந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மனம் ஒரு நிலையில் இல்லை. அப்போதுதான் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. மோட்டார் ஓடும்போதெல்லாம் அதன் விலாவில் இருந்த ஒரு சின்னத் துளையிலிருந்து நூல்போலத் தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும். அத்தான் அதைப்பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. நான் பட்டேன். கடல்தண்ணீர் எங்கேயோ உள்ளே ஏறினால்தானே விலா வழியாக ஒழுகும்? உப்புத்தண்ணீர் இரும்பை என்ன பாடு படுத்தும் என்று தூத்துக்குடிக்காரனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? ஜன்னல் கம்பியைத் தின்னும், பூட்டைத் தின்னும், எங்கள் முதலாளியின் இரும்புப் பெட்டியின் காலையே தின்றிருந்தது.

குனிந்து பார்த்தேன். மோட்டாரின் காலில், விசிறிக்குச் சற்று மேலே, வரிசையாகச் சில ஓட்டைகள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓட்டை! என் பரம்பரையில் யாராலும் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்க முடியாது.

அப்பாவின் கூடையிலிருந்து பஞ்சும் உளியும் எடுத்துவந்தேன். குங்கிலியத்தைக் காய்ச்சினேன். ஒவ்வொரு ஓட்டையாக, நிதானமாக, ஆசையோடு அடைத்தேன். ஒரே ஒரு ஓட்டை மட்டும் விசிறியின் மறைவில் இருந்ததால் கை சரியாக எட்டவில்லை. அதை அரைகுறையாகத்தான் அடைத்தேன். அந்தக் குறை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த ஓட்டைகள்தான் மோட்டார் தண்ணீர் குடிக்கிற வாய் என்பதும், குடித்த தண்ணீர் உள்ளே சூட்டைத் தணித்துவிட்டு விலா வழியாக வெளியே வருகிறது என்பதும் எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன் செய்ய வேண்டிய பாவசங்கீர்த்தனத்துக்கு அன்றுதான் போனேன். சின்ன வயதில் திருடிய மாங்காய்வரை சொன்னேன். இதைச் சொல்லவில்லை. இதை நான் புண்ணியத்தில் சேர்த்திருந்தேன். அத்தானிடமும் மூச்சுவிடவில்லை. கல்யாணம் முடிந்து ஆச்சரியமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

விடிகிற நேரத்தில் புறப்பட்டோம். கறுப்புக் கோட்டும் சப்பாத்தும் (கால் மாறாமல்) போட்டுக்கொண்டு நான் முன்னால் உட்கார்ந்தேன். நடுவே மடியில் சேலைப் பெட்டியோடு அக்கா. பின்னால் மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்தபடி, கடலை விலைக்கு வாங்கியவர்போல அத்தான். நான் மெதுவாகத் திரும்பி விலாத் துளையைப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது.

விசிறி தரை தட்டக்கூடாது என்று கரையைவிட்டு நன்றாக விலகியே போனோம். முயல் தீவு பின்னால் கரைந்து போனது. கரைப் பனைகள் பென்சிலால் கீறியதுபோல மெலிந்தன. கடல், ஆறிய கஞ்சியின் மேல் படியும் ஆடைபோலச் சுருக்கமில்லாமல் கிடந்தது. (பட்டினி கிடந்தவனுக்கு உவமை இப்படித்தான் வரும்.) மோட்டாரின் ஒரே சீரான சத்தம் என்னைத் தாலாட்டியது. எனக்குக் கனவு வந்துவிட்டது. கோயிலுக்குள் நிற்கிறேன். வெளிச்சம் பச்சையும் நீலமுமாகத் தரையில் விழுந்து கிடக்கிறது. சிசிலி லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு வருகிறாள். சாமியார் தூபக்கலசத்தை ஆட்டுகிறார். சாம்பிராணிப் புகை எழும்புகிறது. நல்ல புகை. கொஞ்சம் அதிகமான புகை. கண் எரிகிறது.

"ஏலே தொம்மை! எளையவளுக்கு என்னமோ ஆவுது பாரு!" என்று அக்கா என்னைப் பார்த்துக் கத்தினாள்.

மோட்டாரின் தலையில் பூசியிருந்த சாயம் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிப் புகைந்துகொண்டிருந்தது. சத்தம் தடித்தது, திணறியது, கடைசியில் கிறீச்சென்று ஒரு முனகல். அதோடு நின்றுவிட்டது. அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

யோசிக்காமல் வேலை செய்வதில் எனக்கு இணை கிடையாது. வாளி நிறையக் கடல்தண்ணீரை மொண்டு மோட்டாரின் தலையில் ஊற்றினேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அதற்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. கொதிக்கிற இரும்பு வெடிக்கிற சத்தம். உயிரோடு இருந்தபோது கொடுக்காத தண்ணீரைச் செத்தபிறகு ஊற்றியிருந்தேன். அதுவும் வாயில் இல்லை, தலையில்.

அத்தான் மோட்டாரின் காலை மேலே தூக்கிப் பார்த்தார். விரலால் தடவினார். பிச்சுவாக் கத்தியால் நோண்டி, ஓர் ஓட்டையிலிருந்து குங்கிலியம் ஊறிய பஞ்சை இழுத்தார். அது லேசில் வரவில்லை.

"ஏலே மாப்ள, இது உங்க வீட்டுக் கலப்பத்துல்லா?"

"ஆமா அத்தான். உப்புத்தண்ணி உள்ள ஏறாம இருக்கட்டும்னு..."

"நல்ல வேலை. ஒரு சொட்டு ஏறலை."

அடுத்த ஓட்டையை நோண்டினார். அடுத்ததையும் நோண்டினார். மறைவில் இருந்த ஓட்டைக்கு வந்தபோது நிமிர்ந்தார்.

"இது ஒன்னை மட்டும் ஏன்லே சரியா அடைக்கலை?"

"கை எட்டலை அத்தான்."

"அதனாலதான் பாதித் தூரமாவது வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நான் என் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த வேலைகள் எனக்கு என்ன தந்தன என்று ஞாபகமில்லை. அரைகுறையாகச் செய்த அந்த ஒரு வேலைதான் பாதிக் கடலைத் தாண்டித் தந்தது.

(பிறகு பிரித்துப் பார்த்தபோது உள்ளே பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. தண்ணீரை மேலே தள்ளுகிற ரப்பர்ச் சக்கரம் கருகிப் பொடியாகியிருந்தது. தலையில், நான் ஊற்றிய வாளியின் ஞாபகார்த்தமாக ஒரு நீள விரிசல்.)

அத்தான் ஒற்றைத் தண்டைப் போட்டு வலித்துப் பார்த்தார். வள்ளம் வட்டம் போட்டது. சுற்றுமுற்றும் ஒரு பாய்கூடக் கண்ணில் படவில்லை. படாது. மறுநாள் தபசு தொடங்குவதால் கரையோரத்துச் சனம் முழுக்க அன்று கடலுக்குப் போகாமல் வீட்டில் கறிச்சோறு தின்றுகொண்டிருந்தது. காற்றும் அன்று லீவு.

வெயில் ஏறியது. அக்கா செபமாலையை உருட்டினாள். நான் வள்ளத்தின் விளிம்பில் தாடையை வைத்துக் கீழே பார்த்தேன். தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடியில் முத்துச்சிப்பி வளரும் பாறைத் தளமான முத்துப்பார் தெரிந்தது. எங்கள் வள்ளத்தின் நிழல், எங்களைவிட்டுப் பிரிந்துபோய், அங்கே தனியாகத் தங்கியிருந்தது. சிப்பிகள் எல்லாம் வாய் மூடிக் கிடந்தன. வாய் மூடிய சிப்பி, வாய் அடைத்த மோட்டார், நடுச்சாமத்திலிருந்து வாய் நனைக்காத நான். எங்கள் எல்லோரையும் சுற்றித் தண்ணீர். ஓர் ஆமை வந்து என் முகத்தைப் பார்த்தது. ஏதோ கேட்க வந்ததுபோல இருந்தது. கேட்காமலே போய்விட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. கோட்டுக்குள் உடம்பு வெந்தது. மோட்டாருக்கு என்ன நடந்திருக்கும் என்பது எந்தப் புத்தகமும் படிக்காமல் எனக்கு அப்போது விளங்கியது.

கடலுக்கு அடியிலிருந்து கோயில் மணி கேட்பதுபோல ஒரு மயக்கம். அந்த மயக்கத்தில் சிசிலியைப் பார்த்தேன். நான் எடுத்துக்கொடுக்காத ஏதோ சேலையைக் கட்டிக்கொண்டு, கொழும்புக் கப்பலின் மேல்தட்டில் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. திடுக்கென்று விழித்தேன். அதுவரை வேடிக்கையாக இருந்ததெல்லாம் போய், பயம் வந்தது. அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் அவள் இல்லாமல் இனி எனக்கு ஒன்றும் சரிவராது என்று அந்த நடுக்கடலில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். (அந்த நிலைமையிலும் உடம்பில் தண்ணீர் மிச்சம் இருந்தது ஆச்சரியம்தான்.)

அப்போது கஞ்சி ஆடையில் ஒரு சுருக்கம் விழுந்தது. பிறகு இன்னொன்று. வடக்கேயிருந்து மெல்லிய வாடைக் காற்று. போக வேண்டிய திசைக்கே அடிக்கிற காற்று. பாய் மட்டும்தான் இல்லை.

அத்தான் முதல் தடவையாகத் திரும்பி அக்காவின் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"அத நெனைக்கவே கூடாது" என்றாள் அக்கா.

அக்கா சூரியனை அண்ணாந்து பார்த்தாள். என் மூஞ்சியைப் பார்த்தாள். மோட்டாரைப் பார்த்தாள்.

"ஒரு பட்ட எளையவளத் துடைக்கக் கிழிச்சாச்சு. இன்னொன்ன அவ சாவுக்குக் கட்டணுமாக்கும். எல்லாம் என் தலையெழுத்து!" என்று பெட்டியைத் திறந்தாள்.

தண்டை நட்டு நிறுத்தி, அதில் கூறைச்சேலையை விரித்துக் கட்டினோம். கீழ் முந்தியை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். செத்த மோட்டாரின் காலைத் தண்ணீருக்குள் இறக்கி, அதையே சுக்கானாக்கி அத்தான் திருப்பினார். காற்று வந்து சேலைக்குள் உட்கார்ந்தது. பட்டு மூச்சு விட்டுப் புடைத்தது. வெயில் அதன் வழியாக இறங்கி, அக்காவின் முகம், அத்தானின் மீசை, வெந்துபோன மோட்டார் எல்லாவற்றையும் வெங்காயத் தோல் நிறமாக்கியது. சத்தமே இல்லாமல் வள்ளம் நகர்ந்தது. பெண்ணைத் தேடி அவள் சேலையே எங்களை இழுத்துக்கொண்டு போனது. அந்தப் பயணம் முடியாமலே இருந்தால் நன்றாயிருக்கும் என்றும், உடனே முடிய வேண்டுமே என்றும் எனக்கு ஒரே நேரத்தில் தோன்றியது.

புன்னைக்காயல் கரை தெரிந்தபோது சூரியன் உச்சந்தலையைத் தாண்டிச் சாய்ந்திருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கரையில் கூட்டம். கூட்டத்துக்கு நடுவே, பட்டினியில் முகம் சுண்டிப்போய், சாமியார்.

"தோத்திரம் சாமி" என்றேன். "உச்சி ஆயிட்டோ சாமி?"

"மணி அடிச்சாத்தானப்பா உச்சி" என்றார். கோயில் மணி அடிக்கிற உபதேசியாரை மணிக்கயிற்றின் பக்கமே போகவிடாமல் கோயில் கதவைப் பூட்டி, சாவியை அங்கியின் பைக்குள் வைத்திருந்தார். அன்று மட்டும் புன்னைக்காயலுக்கு உச்சிப்பொழுது கொஞ்சம் தாமதமாக வந்தது. சிசிலியின் சித்தப்பா அண்ணாந்து சூரியனைப் பார்த்தார், சாமியாரைப் பார்த்தார், பிறகு தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டார்.

அதற்குள் அத்தான் சாமியாரிடம் தன் துக்கத்தையெல்லாம் கொட்டிவிட்டார். சாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் பேச்சில் நோன்புக்கு ஒருசந்தி என்று பெயர்.

"தபசு நாளைக்குத்தானே தொடங்குது? மோட்டாரை இன்னைக்கே ஒருசந்தி இருக்க வச்சுட்டியோ?" என்றார். கூட்டம் சிரித்த சிரிப்பு அன்றைக்கு ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்குள் இருப்பவர்களுக்கும் கேட்டிருக்கும்.

சிசிலி அந்தச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு வந்தாள். ஓரத்தில் உப்புக்கறை, நடுவே தண்டு குத்திய ஓர் ஓட்டை. அதை மடிப்புக்குள் மறைத்திருந்தாள். பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்கும்போது மடிப்பு விலகி ஓட்டை தெரிந்தது. என் விரல் என்னை அறியாமல் அந்தப் பக்கம் போனது. அவள் என் கையைத் தட்டிவிட்டாள். எங்கள் தாம்பத்தியம் அப்படித்தான் தொடங்கியது.

பூசை முடிந்து பந்தலுக்கு வந்ததும் ஆளுக்கொரு செம்புத் தண்ணீர் கொடுத்தார்கள். அப்படி ஒரு தண்ணீரை நான் பிறகு குடித்ததில்லை. சிசிலி பாதி குடித்து நிறுத்தி, என்னிடம் முதல் வார்த்தை பேசினாள்.

"நீங்க தண்ணி குடிச்சாச்சா?"

"குடிச்சாச்சு."

"மோட்டாருக்கு?"

அந்த மோட்டார் அதன்பிறகு ஓடவே இல்லை. அத்தான் அதைக் கொஞ்சநாள் துடைத்து வைத்திருந்தார். பிறகு அக்கா அதில் கயிற்றைக் கட்டி வள்ளத்துக்கு நங்கூரமாக்கினாள். எந்த உப்புத்தண்ணீர் ஏறக்கூடாது என்று அடைத்தேனோ அதற்குள்ளேயே அது மூழ்கிக் கிடந்தது. உப்பு அதை நிதானமாகத் தின்று முடித்தது. அத்தான் என்னை மன்னித்துவிட்டார். ஆனால் அவர் வீட்டுக்குள் நான் நுழைந்தால், சாவித் துவாரத்தைக்கூடக் கையால் மறைத்துக்கொண்டுதான் பேசுவார்.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்குப் புறப்படும் மாப்பிள்ளைக்கு வாசலில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுப்போம். (இப்போது சட்டம் மாறிவிட்டது, குடிக்கலாம்.) அவன் குடித்தபிறகு, மிச்சத்தை அவன் ஏறப்போகும் வண்டியின் முன்னால் ஊற்றுவோம். போன மாதம் பேரன் கல்யாணத்தில் பெண் வீட்டுக்காரர் ஒருவர் இதைப் பயபக்தியோடு பார்த்துவிட்டு, "இது என்ன சடங்கு ஆச்சி?" என்று சிசிலியிடம் கேட்டார்.

"போர்த்துகீசுக்காரன் காலத்துலேர்ந்து உள்ள பழக்கம்லா" என்றாள் அவள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். சிசிலி என் பக்கம் திரும்பி, லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒருமுறை குனிந்து சப்பாத்தைச் சரிபார்த்துக்கொண்டேன்.